பப்பாசிப் பால்

கிளிநொச்சியில் பேராசிரியர் தயாளினிக்குப் பாராட்டு விழா. பப்பாசிப் பாலில் இருக்கிற நொதியத்தைக் கெட்டுப்போகாமல் காயவைக்கப் புது வழி கண்டவர் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். முன்வரிசையில் அவளுடைய அக்கா ஞானேஸ்வரி, பக்கத்து வீட்டு இராசேஸ்வரியையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். "பாரன், என்ர பேரைக் கட்டாயம் சொல்லுவாள்" என்று விசுவமடுவில் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தாள்.

ஏன் சொல்லமாட்டாள்? தங்கை கம்பசில் ஆராய்ச்சி செய்த காலம் முழுக்க, விடியப்புறமே தோட்டத்தில் இறங்கிப் பச்சைக் காய்களைக் கீறிப் பால் எடுத்து, போத்தலில் அடைத்து அனுப்பியது யார்? இறைச்சியையே கரைக்கிற பால் அது, விரலை மட்டும் சும்மா விடுமா? தோலைத் தின்றது, ரேகையைத் தின்றது, நகத்தடி வரை போனது. "கையுறை அனுப்புறன் அக்கா" என்றாள் தயா. பட்டம் வந்தது, பதவி வந்தது, பத்திரிகையில் படம் வந்தது. கையுறைதான் வரவில்லை.

ஒருமுறை ஊருக்கு வந்தவள் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினாள். "நல்ல டொக்டரிட்டக் காட்டி மருந்து கேக்கிறன்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். ஞானேஸ்வரியும் பைத்தியக்காரி மாதிரி அந்த மருந்துக்குக் காத்திருந்தாள்.

தயாளினி பேச எழுந்தாள். ஆசிரியர்களுக்கு நன்றி, கம்பசுக்கு நன்றி, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு இரண்டு தரம் நன்றி. பிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. தோலுரிந்த விரல்கள், வளைந்துபோன சுட்டுவிரல்.

"பாதுகாப்பு இல்லாமல் பால் எடுத்த ஒரு தொழிலாளியின் கை" என்றாள்.

சபை உச்சுக்கொட்டியது. இராசேஸ்வரி திரையைப் பார்த்தாள், பிறகு ஞானேஸ்வரியின் மடியைப் பார்த்தாள். ஞானேஸ்வரி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். பேச்சு முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள், அவள் தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் தயாளினி ஓடிவந்தாள். தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி, "இது உங்களுக்குத்தான் அக்கா" என்று தோளில் போடப்போனாள்.

ஞானேஸ்வரி விலகி நின்றாள். "வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ."

பிறந்த நாள் தொட்டு அக்கா அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். தயாளினிக்கு முகம் கறுத்துப்போனது. "ஏனக்கா என்னோட வாங்கோ போங்கோ எண்டு கதைக்கிறீங்கள்?"

"என்ர பேர் தெரியாத ஆக்களோட நான் அப்பிடித்தான் கதைக்கிறது" என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி பஸ்ஸுக்கு நடந்தாள்.