இடைநிலை விருந்தோம்பி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. ஒட்டுண்ணிகளைப் பற்றிய கதை வேறெப்படிப் பிறக்கும்?

சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் அவருடைய மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நின்றவர் நான் அல்ல, கதையில் வரும் மாமனார். அவருக்கு அடர்த்தியாக ஒரு மீசை வைத்திருக்கிறேன். எனக்கு மீசை கிடையாது. இதற்கு மேலும் சந்தேகப்படுகிற வாசகரைத் திருத்த என்னால் ஆகாது.

மருமகள் புழு டாக்டர். கரை ஒதுங்கும் திமிங்கலங்களையும் டால்பின்களையும் அறுத்து, உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. (என் சொந்த மருமகளும் அதே வேலைதான் பார்க்கிறாள். தற்செயல்.) அவள் கணவன் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பாதி தண்ணீர்மேல். மாமனார் கண் ஆபரேஷனுக்காக இந்த வீட்டுக்கு வந்தவர். கண் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனால் கிளம்புகிற பேச்சு வரும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது" என்பார்.

அவருக்குப் போக இடம் இல்லாமல் இல்லை. வேறொரு ஊரில் மகள் இருக்கிறாள். காற்றோட்டமான அறை, நல்ல மெத்தை. அங்கே அவர் எதைச் சொன்னாலும் "ஆமாப்பா, ஆமாப்பா" என்பார்கள். அதுதான் அவருக்கு ஆகவில்லை.

2

தொடக்கம் சரியாக அமையாமல் மூன்று தாள்களைக் கசக்கினேன்.

'கடல் தன் குழந்தையைக் கரையில் கிடத்திவிட்டு விம்மி' — வேண்டாம். கடலை அழவைத்தால் அப்புறம் நிலாவையும் அழவைக்க வேண்டிவரும்.

'செவுள்கள் துடிதுடிக்க, அந்த டால்பின்' — இதை எழுதி மருமகளிடம் (என்னுடையவளிடம்) காட்டினேன். ஓரத்தில் பென்சிலால் எழுதித் தந்தாள்:

(மாமா, டால்பினுக்கு ஏது செவுள்? நம்மள மாதிரி நுரையீரல்தான். மீன் இல்ல அது.)

மூன்றாவது தடவை நன்றாகப் புளுகிவிடுவது என்று தீர்மானித்தேன். 'திமிங்கலத்துக்குள் இருந்த புழு ஆறடி நீளம்.' எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. தாள் திரும்பி வந்தது:

(ஆறடி எல்லாம் ஒரு நீளமா? திமிங்கலத்தோட நஞ்சுக்கொடியில இருபத்தஞ்சு அடிக்கு மேலயே புழு எடுத்திருக்காங்க.)

வாழ்நாள் முழுவதும் கதை அளந்து பிழைத்தவன், உண்மையிடம் பத்தொன்பது அடி வித்தியாசத்தில் தோற்றேன். புழு அவள் தொழில், புளுகு என் தொழில். ஒரு எழுத்துதான் கூடுதல் என்று நினைத்திருந்தேன்.*

* ளகர ழகர வித்தியாசமும் உண்டு என்று யாரும் கடிதம் போட வேண்டாம். ஒருத்தியிடம் திருத்தம் வாங்குவதே போதும்.

3

அன்று மாலை மருமகள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவள் வாடை வந்துவிட்டது.

"மாமா, மூக்கப் பொத்திக்குங்க. குளிச்சிட்டு வந்துடறேன்."

"கண்ணே மங்கல். மூக்கு அதுக்கும் மேல. நீ வாம்மா."

ஈரத்தலையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மாமனார் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இன்னைக்கு யாரு விருந்தாளி?"

"டால்பின். விடியக்காலைல ஒதுங்கிடுச்சு."

"புழுவாலதான் செத்துச்சா?"

"ஊரே அதத்தான் கேக்குது. புழு இல்லாத டால்பின நான் பாத்ததே இல்ல மாமா. நல்லா நீந்திட்டு இருக்கற டால்பினுக்குள்ளயும் இருக்கும். சில நேரம் அதுவே எமனாகும், சில நேரம் சும்மா கூட இருக்கும். அறுத்துப் பாக்காம புழு மேல பழியத் தூக்கிப் போடக்கூடாது."

புழுக்களின் சார்பில் மாமனார் நன்றியோடு தலையாட்டினார். தண்ணீர் குடித்தார்.

"வயித்துல ஒரு வகை இருந்துச்சு. தோலுக்கடியில கொழுப்புல இன்னொரு வகை, பட்டாணி மாதிரி பைக்குள்ள சுருண்டு காத்துக்கிட்டு இருக்கும்."

"எதுக்குக் காத்திருக்கு?"

"சுறா வந்து டால்பினத் தின்னணும். சுறாவோட குடலுக்குப் போனாத்தான் அது முழுசா வளரும்."

"டால்பின் கரை ஒதுங்கிட்டா?"

"அம்புட்டுதான். காத்திருந்தது வீண்."

மாமனார் தட்டிலிருந்த பட்டாணிகளை ஓரமாக ஒதுக்கினார்.

4

இனி அந்த போன். மருமகள் பள்ளிப் பாடநூலுக்கு ஒட்டுண்ணிகளைப் பற்றி ஒரு பாடம் எழுதித் தருகிறாள். புழு குடியிருக்கும் உடம்புக்குப் பாடநூல் தமிழில் விருந்தோம்பி என்று பெயர். கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் போகிற உடம்பு இடைநிலை விருந்தோம்பி. பெயர் வைத்த புண்ணியவான் வீட்டிலும் யாரோ வந்து தங்கியிருந்திருக்க வேண்டும்.

பாடநூல்காரர் ஏதோ சந்தேகம் கேட்க, அவள் சமையலறையில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் காதில் விழுந்தது இவ்வளவு:

"இல்ல சார், கடைசிவரைக்கும் இங்கயே இருக்க முடியாது. இது வெறும் இடைநிலை விருந்தோம்பிதான்... ஆமா, அடுத்த இடத்துக்குப் போய்ச் சேந்தாத்தான் அதுக்கு நல்லது... அதுவாப் போகாது சார். யாராவது கொண்டுபோய்ச் சேத்தாத்தான் உண்டு."

நீங்களும் நானும் இது பட்டாணிப் புழு என்று கண்டுகொள்வோம். மாமனார் வேறு மாதிரி. அவள் அவரைப் போகச் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டார். 'அவர்' என்று சொல்லாமல் 'அது' என்று சொல்லிவிட்டாளே, அதுதான் குத்தியது. இவ்வளவு நாள் அவளோடு புழுவைப் பற்றியே பேசியதில், நம்மையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள் என்று நினைத்தார்.

பெட்டியை எடுத்தார். சட்டைகளை மடித்து வைத்தார். கண் சொட்டு மருந்துப் புட்டியையும் வைத்தார், அது காலியாகிப் பல காலம் ஆகியிருந்தாலும். பெட்டியை வாசலில், செருப்பு அலமாரி பக்கத்தில், உள்ளே வருகிறவர் கண்ணில் கட்டாயம் படுகிற மாதிரி நிறுத்தினார். உண்மையிலேயே போகிறவர் யாரும் பெட்டியை அப்படி நிறுத்தமாட்டார் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. கதையில் குறுக்கே பேசாதீர்கள்.

5

முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) மாமனார் மகள் வீட்டுக்குப் போகிறார். எல்லோரும் ஆமாம் போடுகிறார்கள். ஆறே மாதத்தில், ஆமாம் கேட்டுக் கேட்டே, அவர்

(ஆ) "மாமா, போகாதீங்க" என்று மருமகள் அழுகிறாள். அடித்துவிட்டேன். திமிங்கலத்தின் குடலை ஒரு முழுநாள் உருவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். ஒரு பெட்டிக்கா அழுவாள்?

(இ) கப்பலிலிருந்து மகன் திடீரென்று வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறான். மகன்கள் அப்படியெல்லாம் வருவதில்லை.

ஆகவே, 'மருமகள் பெட்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு,' என்று ஒரு காற்புள்ளியோடு நிறுத்தி, தாள்களைச் சாப்பாட்டு மேசையில், அவள் வழக்கமாக உட்காரும் பக்கம் வைத்தேன். அறிவியல் பிழை பார்ப்பதற்காக. வேறு நோக்கம் கிடையாது.

6

தாள்கள் திரும்பி வந்துவிட்டன.

காற்புள்ளிக்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. நாலாம் பகுதியின் ஓரத்தில்தான் பென்சில் ஓடியிருக்கிறது. வழக்கமான கையெழுத்து இல்லை. எறும்பு எழுத்து.

(பிழை. போன்ல சொன்னது கொழுப்புப் புழு. வயித்துப் புழு வேற வகை. அது மீன் மீனா மாறி மாறித்தான் வந்து சேரும், ஆனா அதுக்கு டால்பின்தான் இறுதி விருந்தோம்பி. அதுக்கப்புறம் அது வேற எங்கயும் போக வேண்டியதில்ல. தன் கதையில வர்ற மாமனார் எந்தப் புழுன்னு ஆசிரியர் முதல்ல தெரிஞ்சுக்கணும்.)

அதற்கும் கீழே, இன்னும் பொடியாக:

(இதப் படிக்க முடிஞ்சா கண்ணு நல்லாத் தெரியுதுன்னு அர்த்தம். இனிமே மங்கல் கிங்கல்னு சாக்கு சொல்ல முடியாது. சாக்கே இல்லாமத்தான் இங்க இருக்கணும். முடியுமா?)

கண்ணாடி போடாமல், சன்னல் பக்கம்கூடப் போகாமல், ஒரே மூச்சில் இரண்டையும் படித்துவிட்டேன்.

படித்தேன் என்று சொன்னால் சாக்கு போய்விடும். படிக்கவில்லை என்றால் பதில் போய்விடும். செருப்பு அலமாரி பக்கத்தில் பெட்டி இன்னும் நிற்கிறது. கதையில் வரும் மாமனாரின் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

"மாமா, அந்தத் தாளப் படிச்சீங்களா?"

சமையலறையிலிருந்து குரல். இந்த இடத்தில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசிப்பார். எனக்கு அந்த வசதியும் இல்லை. கதை முழுக்கக் குறுக்கே பேச வந்தீர்களே, இப்போது பேசுங்கள். என்ன சொல்லட்டும்? சீக்கிரம். குழாயை மூடிவிட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு