கார்டில் ஐம்பத்தாறு

மூச்சு வரவில்லை.

தையல் போட்டு முடித்து, மயக்க வாயுவை மூடி, தசைகளைக் கட்டிப்போட்ட மருந்துக்கு மாற்று மருந்தும் இரண்டு தரம் ஏற்றி முக்கால் மணித்தியாலமாகிவிட்டது. பேச்சியம்மா ஒரு மூச்சைக்கூடத் தானாக எடுக்கிறா இல்லை. தலைமாட்டில் நின்ற மயக்கமருந்து டொக்டர் கௌரி கறுப்பு ரப்பர் பையை அமத்தினால் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், கீழே பல் வைத்தியர், மேலே ட்யூட்டரி, நடுவில் இந்த நேர்சிங் ஹோம். இருக்கிறதே ஒரு தியேட்டர். மூச்சு விடுகிற மெஷின் ஒன்று இருந்தது. அது போன மாதமே தன் கடைசி மூச்சை விட்டுவிட்டது. அதனால்தான் கௌரியின் வலது கை இப்போது விண்விண்ணென்று வலிக்கிறது.

காலையில் தசையைக் கட்டிப்போடுகிற இதே மருந்தை ஆறு வயதுப் பெடியன் ஒருவனுக்குக் கொடுத்தவ. அப்பென்டிக்ஸ். ஒப்பரேஷன் முடிந்த கையோடு அவன் முழித்து, நேர்ஸ் மாக்ரெட்டின் வயிற்றில் உதைத்து, அம்மாவைக் கேட்டு ஊரைக் கூட்டினான். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான், மருந்து கெதியில் இறங்கிவிடும். வயது போனவர்களுக்கோ அழையா விருந்தாளி மாதிரி, போ என்றாலும் போகாது. அதைக் கழுவி வெளியேற்றுகிறது சிறுநீரகம். அதுவும் வயதோடு சேர்ந்து களைத்துத்தானே போகும்? ஆனால் பேச்சியம்மா கிழவி இல்லையே. அடையாள அட்டையில் ஐம்பத்தாறு. கௌரி அந்த ஐம்பத்தாறுக்குத்தான் அளந்து கொடுத்தவ. குடலிறக்கத்தைத் தள்ளித் தைக்கும்போது, "வயிறு இறுக்கமா இருக்கு, இன்னும் கொஞ்சம் குடும்" என்று சத்திரசிகிச்சை டொக்டர் கதிர்காமநாதன் கத்தினார். அதுக்கும் கொடுத்தவ.

அவர் இப்போது முகமூடியைக் கழற்றி வாளிக்குள் எறிந்தார்.

"ஸ்ட்ரோக், கௌரி. வேற ஒண்டுமில்லை. அம்புலன்சுக்குச் சொல்லிட்டன், அரை மணித்தியாலத்தில வரும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவம்."

அனுப்பிவிடுவம்! பார்சலா அனுப்ப? தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து இன்றைக்கு ஐந்தாம் நாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற காலி வீதியில் அடிக்கு ஒரு செக்பொயின்ட். நோயாளியையும் கூட வருகிறவர்களையும் இறக்கி, கார்டை வாங்கிப் பார்த்து, ஸ்ட்ரெச்சருக்குக் கீழே குனிந்து பார்த்துத்தான் விடுவார்கள். அதுவரைக்கும் குலுங்கிற வண்டிக்குள் யார் பையை அமத்துகிறது? குழாய் கொஞ்சம் நழுவினால் சரி, பம்பலப்பிட்டி தாண்ட மாட்டா.

அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார். மாக்ரெட் கொட்டாஞ்சேனைக்காரி, பேச்சியம்மா இப்போது குடியிருக்கிற சேரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மெல்லக் கேட்டா.

"டொக்டர், இவங்களுக்கு மெய்யாவே ஐம்பத்தாறுதானா? பார்த்தா அப்படித் தெரியல்லையே."

"நீர் ஒண்டு," என்று கௌரி எரிந்து விழுந்தா. "தேயிலைத் தோட்டத்து ஆக்கள், மாக்ரெட். நாற்பதிலேயே கிழவி ஆகிடுவினம். வெயிலும் மழையும் அட்டைக்கடியும்… பாத்தா வயசு கூடத்தான் தெரியும்."

காலையில் அந்த வற்றிய முகத்தைப் பார்த்தபோதும் இதைத்தான் நினைத்தவ. நினைத்துவிட்டு, கார்டைப் பார்த்து எழுதினவ.

ஸ்ட்ரோக்கா என்று பார்க்க மாக்ரெட்டிடம் பையைக் கொடுத்துவிட்டு இமையைத் திறந்து டோர்ச் அடித்தா. இரண்டு கண்மணியும் ஒரேயளவில் சுருங்கின. மூளையில் பிழையில்லை. ஆனால் கறுப்பு விழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அது எழுபது தாண்டின கண்களில் பார்க்கிற வளையம். கையை எடுக்கப் போனபோது, கண் ஓரத்தால் ஒரு துளி வழிந்து காதுக்குள் போனது. நாடியைப் பிடித்தா. நூற்று முப்பது.

"ஐயோ கடவுளே! மாக்ரெட், இவ முழிச்சிருக்கிறா!"

முழித்திருக்கிறா. எல்லாம் கேட்கிறது, வயிற்றுக் காயம் நோகிறது, விரலை அசைக்கக்கூட வழியில்லை. உயிரோடு புதைத்ததுபோல் எவ்வளவு நேரம் கிடந்தாவோ! கௌரி குனிந்து காதோடு சொன்னா.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. மருந்து இன்னும் இறங்கேல்லை, அவ்வளவுதான். உங்களுக்குப் பதிலா நாங்கள் மூச்சு விடுறம். இப்ப திரும்ப நித்திரையாக்கிறன்."

வாயுவை மெல்லியதாகத் திறந்தா. நாடி மெல்ல மெல்ல இறங்கியது.

இனிக் கணக்கு இரண்டே இரண்டுதான். ஐம்பத்தாறு வயது என்றால் இவ்வளவு நேரத்துக்கு மருந்து பிடித்துவைத்திருக்க நியாயமில்லை. தசையிலேயே மறைந்திருக்கிற ஏதோ வியாதி, பெரியாஸ்பத்திரி மெஷின் வேண்டும், செக்பொயின்டோ என்னவோ அனுப்பத்தான் வேண்டும். எழுபது தாண்டியிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் பையை அமத்திக்கொண்டு காத்திருந்தால் போதும், தானாக இறங்கும். காத்திருக்க வேண்டியவவை அனுப்பினாலும் சாவு, அனுப்ப வேண்டியவவைக் காக்கவைத்தாலும் சாவு. வெள்ளை வளையம் சிலபேருக்கு முந்தியும் வரும். அதை மட்டும் நம்பி ஒரு உயிரை வைத்து விளையாட ஏலாது.

வெளியே வாங்கில் பேச்சியம்மாவின் மகள் தெய்வானை உட்கார்ந்திருந்தா. இதே ஒழுங்கையில் ஒரு வீட்டில் சமைக்கிறவ. கௌரியைக் கண்டதும் எழும்பினா.

"தெய்வானை, அம்மாவுக்கு உண்மையா எத்தினை வயசு?"

"கார்டுல போட்டிருக்குங்களே. அம்பத்தாறு."

"கார்டை விடும். அம்மாவின்ர வயசு."

"அதாங்க… அம்பத்தாறு."

வாசலில் இரண்டு பொலிஸ்காரர் றெஜிஸ்டரைக் கேட்டு வரவேற்பு மேசையில் நின்றார்கள். தெய்வானையின் கண் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. கௌரிக்கு விளங்கியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் துணி வைக்கிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினா.

"கேளும். இன்னும் பத்து நிமிஷத்தில அம்புலன்ஸ் வரும். வயசு போன ஆளெண்டால் நான் அனுப்பமாட்டன், இங்கேயே வைச்சு எழுப்புவன். ஐம்பத்தாறெண்டால் அனுப்பத்தான் வேணும். அனுப்பினா வழியில போனாலும் போயிடுவா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், என்ர பிள்ளை மேல ஆணை, சொல்லமாட்டன். எத்தினை?"

தெய்வானை சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதா. பிறகு சொன்னா.

"எழுவத்திரெண்டுங்க. பேச்சியம்மாங்கிறது எங்க சின்னம்மா. கடைக்குட்டி. அதுக்குத்தான் பிரஜாவுரிமைக் கடதாசி கெடச்சிச்சு. எங்கம்மாவுக்கு இந்தியாவுக்குப் போகணும்னு எழுதிட்டாங்க. சின்னம்மா காய்ச்சல்ல செத்துப்போச்சு. அந்தக் கடதாசிய வச்சித்தான் அம்மா கார்டு எடுத்துச்சு. அம்மா பேரு சீனியம்மா."

"பதினாறு வயசு வித்தியாசம். கார்டு குடுக்கிற கந்தோரில ஒருத்தரும் கேக்கேல்லையா?"

"கேட்டாருங்க அந்த மாத்தயா. நாப்பதுன்னு போட்டிருக்கே, ஆளு கெழவியா இருக்கேன்னு. அப்புறம் அவரே சிரிச்சிக்கிட்டு, தோட்டத்து ஆளுக நாப்பதுலயே கெழவிதானேன்னு சீல் குத்திட்டாரு."

கௌரிக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. கதவைத் திறந்துகொண்டு தியேட்டருக்குப் போனா.

கதிர்காமநாதன் வந்து நின்றார். "வண்டி வந்திட்டுது."

"திருப்பி அனுப்புங்கோ. நான் இவவை அனுப்பமாட்டன்."

"என்ன விசர்க்கதை! என்ன காரணம்?"

காரணம் நாக்கு நுனியில் நின்றது. கௌரி விழுங்கினா. "மருந்து இறங்கேல்லை. இறங்கும். பின்னேரத்துக்கிடையில மூச்சு விடுவா."

"விடாட்டி?"

"விடாட்டி நான் பொறுப்பு. இப்பவே கையெழுத்து வைச்சுத் தாறன்."

வைத்தும் கொடுத்தா. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்த மனுசன் அப்படி.

மூன்று மணி. கௌரியும் மாக்ரெட்டும் கை மாற்றி மாற்றி அமத்தினார்கள். மூன்றரை. ஒக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக்குக் கிட்ட வந்தது, மாற்றினார்கள். நாலு மணி. ஒன்றுமில்லை. தெய்வானை பொய் சொல்லியிருந்தால்? பயத்தில் நான் கேட்க ஆசைப்பட்டதையே சொல்லியிருந்தால்? வியர்வை கௌரியின் முதுகால் ஓடியது. நாலரை. விரல்கள் மரத்துவிட்டன. மாக்ரெட் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தா.

நாலே முக்காலுக்கு, கௌரி பையை அமத்த முதல், பை தானாகக் கொஞ்சம் சுருங்கியது.

கௌரி அசையாமல் நின்றா. திரும்பச் சுருங்கியது. மாக்ரெட் "ஏசுவே" என்று கத்தினா. வாயுவை மூடிக் காத்திருந்தார்கள். ஐந்தேகாலுக்குக் கண் திறந்தது.

"அம்மா, தலையைத் தூக்குங்கோ. அப்பிடியே பிடியுங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு."

கழுத்து நரம்பு புடைக்க அவ தலையைத் தூக்கிப் பிடித்தா. ஐந்தும் எண்ணி முடியும்வரை இறக்கவில்லை. கௌரி குழாயை உருவினா.

கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலுக்குக் கிட்ட வந்தார். புத்தி தெளிவா என்று பார்க்க எல்லா டொக்டரும் கேட்கிற கேள்விதான். கௌரி தடுக்க வாயெடுக்க முதல் கேட்டுவிட்டார். "அம்மா, உங்கட பேரென்ன? எத்தினை வயசு?"

அரைமயக்கத்தில் மனிதர் பொய் சொல்லமாட்டார்கள். கௌரிக்கு இப்போது தன் மூச்சு நின்றது. திறந்த கதவுக்கு அங்கால் நடையில், திரும்பவும் வந்த பொலிஸ்காரரின் சப்பாத்துச் சத்தம்.

"பேச்சியம்மாங்க," என்றது அந்தக் கரகரத்த குரல். "அம்பத்தாறு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சட்டைப் பைக்குள் இருந்த தாளைத் திருப்பித் தரவுமில்லை.

கௌரி குறிப்புப் புத்தகத்தை எடுத்தா. வயது: 56. அதற்குக் கீழே சிவப்பு மையால் எழுதினா: 'இவருக்கு இந்த மருந்தை எழுபது கடந்தவருக்குக் கொடுக்கும் அளவில் மட்டும் கொடுக்கவும்.' எழுதிக்கொண்டிருக்கும்போது கோட்டின் கையை யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது. பலமில்லாத பிடி. குனிந்தா.

"டாக்டரம்மா," என்றா சீனியம்மா, அவவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நாப்பது வயசுல நான் கெழவி இல்லீங்க. கொண்டை நெறையப் பூ வச்சிருப்பேன். கொழுந்தெடுக்கிறதுல என்னைய முந்த மலையில ஆள் கெடையாது."

கௌரி மாக்ரெட்டுக்குச் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறா. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றா. சீனியம்மா கோட்டின் கையை விடவில்லை.