மருந்து அறைக் கதவில் இசக்கி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கயத்தாறு ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன் கதவொன்றில் யாரோ இரண்டு கண்கள் வரைந்திருந்தார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான், மீதி நான் கட்டியது. என் அம்மாவும் வேறொரு தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள். விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

தொடக்கம்: "1979. கரிசல் மண்ணில் வெயில்..." (வேண்டாம். வெயில் யாரையும் கொல்லப்போவதில்லை.)

2

செண்பகராஜுக்கு இருபத்தொரு வயது. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளுக்குப் படம் போடுகிறவன். குச்சி முனையில் ஏற்றும் மருந்தை வைத்திருக்கும் அறையின் நிழலில் ஆட்கள் பீடி பிடிக்கிறார்கள், ஏதாவது எழுதி வை என்றார் முதலாளி. எழுதினான். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மண்டையோடு வரைந்தான். அதற்கு யாரோ மீசை வைத்து, முதலாளி சாடை என்று சிரித்தார்கள்.

பிறகுதான் அவர்களோடு உட்கார்ந்து, எங்கே பீடி பற்றவைக்கவே மாட்டீர்கள் என்று கேட்டான். இசக்கியம்மன் முன்னால் என்றார்கள், அந்தப் பக்கத்து உக்கிரமான காவல் தெய்வம். கதவு நிறைய இசக்கியை வரைந்தான். சிவப்புச் சேலை, கோரைப்பல், கடைசியாகக் கண்.

மறுநாளே பீடி நின்றது. செருப்பைக்கூடத் தள்ளிக் கழற்றினார்கள்.

[இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. நிறுத்தப் பார்த்தேன்.]

3

வெள்ளிக்கிழமை, அங்கே வேலை பார்க்கும் ஆவுடைத்தாய்* அந்தக் கதவடியில் சூடம் கொளுத்தினாள்.

செண்பகராஜ் ஓடி வந்து மிதித்து அணைத்தான்.

"இங்கன நெருப்பு ஆகாது சித்தி. அதுக்குத்தான அவள வரஞ்சேன்."

"கண்ணத் தொறந்துட்டியே. தொறந்த சாமிய இருட்டுல போடலாமாலே? உள்ள குச்சி அடுக்குத எம்புள்ள மேலதான் அவ கண்ணு விழும்."

"அப்பம் அழிச்சிருதேன்."

"அழி. கண்ணவிஞ்ச இசக்கி யார் வீட்டுக்குப் போவான்னு சொல்லிட்டு அழி."

முதலாளியிடம் போனான். படம் வந்தபிறகு பெண்கள் லீவே போடுவதில்லை, கை வைக்காதே என்றார். (சூடத்தை வெளியே ஏற்றினால் என்ன என்பீர்கள். அவனும் கேட்டான். கண் இருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் என்றார்கள்.)

மறு வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு வந்தான். கதவை மறித்து ஆவுடைத்தாய் நின்றாள், கையில் சூடம். ஆபீசே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

* அவளுக்கு என் அம்மாவின் பேச்சைக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது.

4

முடிவு ஒன்று: அழிக்கிறான். பீடி திரும்பி வருகிறது. என்றைக்கோ தீப்பிடிக்கிறது. கண்ணை அவித்தவன் இவன்தான் என்று எல்லோரும்...

முடிவு இரண்டு: அழிக்கவில்லை. சூடம் எரிகிறது. கதவிடுக்கில் மருந்துத் தூசி, ஆவுடைத்தாயின் சேலை

இல்லை. அவளை என்னால் முடியாது.

வேறு யாரையாவது எரிக்கலாம் என்று பார்த்தேன். பீடி பிடிக்கிறவர்களில் ஒருவன், சோலைமுத்து? அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம், நானே எழுதி அடித்தது. கடைசி வரிசையில் உட்காரும் சிறுமி? அவளுக்கு வேண்டுமென்றே பெயர் வைக்காமல் விட்டேன். இப்போது அது இன்னும் பயமாக இருக்கிறது.

சுண்ணாம்பு மட்டை அவன் கையில் சொட்டுகிறது. அவள் இன்னும் விலகவில்லை. என்னால் இதற்கு மேல் ஏலாது. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் ஒரு பெயர் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெயராக இருக்கட்டும்.