மேல்வீட்டு வாடகை

ஏப்ரல் பிறந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சென்ற ஆண்டு நான் கொடுத்த வரிப் படிவத்தின் நகலை என் தங்கை மகள் நெலியா மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் தேடுகிறேன் என்றேன். அது என் படுக்கையறை மேசை இழுப்பறையில், தேடவே வேண்டாத இடத்தில் இருந்தது.

அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் என் வீடு இரண்டு அடுக்கு. கீழே நான், மேலே என் தங்கை டியோலிண்டா. சென்ற கோடையில் கூரை முழுவதும் சோலார் பலகைகள் போட்டேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீடென்றால் அந்தச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கை அரசு வரியில் கழித்துக்கொள்ளும். வாடகைக்கு விட்ட பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை; அதற்கு வேறு விதி, வேறு படிவம். எனக்கு முப்பது ஆண்டுகளாக வரி எழுதிய, பக்கத்து ப்ராவிடென்ஸ் நகரத்துக் கணக்கர் ஓய்வு பெற்றுவிட்டார். வரி எழுதுவதே நெலியாவின் தொழில் என்பதால், இனி தானே பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள்.

டியோலிண்டாவின் கணவர் இறந்தபோது மேல்வீட்டை அவளுக்குக் குடியிருக்கக் கொடுத்தேன். தெருவில் மற்றவர்கள் என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, முதல் மாதமே அதே தொகையோடு இறங்கி வந்தாள்.

"சும்மா இருக்க நான் என்ன பிச்சக்காரியா? வாங்கிக்கண்ணா. பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். மாமா காசு வாங்குறாருன்னு பேசுவாங்க."

வாங்கிக்கொண்டேன். அரசுக்கு ஒரு டாலர்கூட மறைத்ததில்லை. ஊருக்குத்தான் மறைத்தேன். போர்த்துகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த எங்களுக்குக் கூடப் பிறந்தவளிடம் வாடகை வாங்குவது தலைகுனிவு. போன ஆண்டு பரிசுத்த ஆவித் திருவிழா விருந்தில், விதவைத் தங்கையைச் சும்மா வைத்துத் தாங்குகிறவர் என்று பாதிரியார் மேடையில் என்னைப் பற்றிச் சொன்னார். நான் எழுந்து தலை வணங்கினேன். மறுமாதம் திருவிழாச் சபைக்கு என்னையே தலைவராக்கினார்கள்.

சனிக்கிழமை காலையில் நெலியா மடிக்கணினியோடு வந்தாள்.

"வரிப் படிவம் குடுக்க இன்னும் ரெண்டே நாளுதான் மாமா. பழைய படிவம் இல்லாட்டிப் போகட்டும். வீடு முழுக்க உங்க குடியிருப்புன்னே போட்டுட்டேன். அம்மா என்ன வாடகைக்கா இருக்காங்க?"

அச்செடுத்த தாளை நீட்டினாள். இதில் உள்ளதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனை என்ற வரிக்குக் கீழே என் பெயர். நான் ஜன்னல்வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

"என்ன மாமா, கட்டெறும்பு கடிச்சவரு மாதிரி நடக்குறீங்க? கையெழுத்துக்குக் கூலி வேணுமா?"

என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எந்தத் தாளையும் மூன்று முறை வாசிக்கக் கேட்ட பிறகே சிலுவைக் குறி போடுவார். நான் பேனாவை மூடினேன். படுக்கையறைக்குப் போய்ப் பழைய படிவத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

புரட்டிக்கொண்டே வந்தவள் வாடகை வருமானப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"யாரு மாமா இந்த மேல்வீட்டு ஆளு?"

"உங்கம்மா."

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"அன்னைக்கு விருந்துல உங்க கையப் புடிச்சிட்டு அழுதேன் மாமா."

அவள் படிக்கட்டருகே போய் அம்மாவைக் கூப்பிட்டாள். மாவு ஒட்டிய கையோடு இறங்கி வந்த டியோலிண்டா மேசையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டியாண்ணா?"

"நாளைக்குச் சபையிலயும் சொல்லப்போறேன். எல்லாரும் கேக்கட்டும்."

"ஒக்காரு. அன்னைக்கும் உன் பேருக்காகத் தலையாட்டுன, நாளைக்கும் உன் பேருக்காகத்தான் மேடையேறப் போற. வாடக குடுத்தவ நான். என்னைய எவனாவது கேட்டானா?"

உட்கார்ந்தேன். என்னிடம் அப்படிப் பேச இந்த ஊரில் வேறு யாருக்கும் துணிவில்லை.

நெலியா மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள். "கீழ்ப்பாதி உங்களுது, அதுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. மேல்பாதிய வேற படிவத்துல எழுதுறேன்." பிறகு திரையிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டாள்: "ஏம்மா, முழு வாடகையும் குடுத்துட்டு எதுக்குக் கோட்டு போட்டுட்டுத் தூங்குற?"

"படுக்கையறை ஹீட்டர் ஓடல."

"எப்பலேருந்து?"

"நாலு குளிர்காலமாச்சு."

"மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் நான் சும்மா குடியிருக்கேன்னு பேசுது. சும்மா குடியிருக்கறவளுக்கு ஹீட்டர் வேற கேக்குதான்னு சொல்ல மாட்டாங்களா?"

நெலியா தந்த புதிய தாளில் கையெழுத்திட்டேன். பிறகு படியேறினேன். தங்கையின் படுக்கையறைக்குள் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஹீட்டர் இரும்பு சில்லிட்டுக் கிடந்தது. கட்டிலின்மேல் நான்கு போர்வைகள். சுவர் முழுவதும் ஈரம் படர்ந்திருந்தது.

"என்ன வீட்டுக்காரரே, பாத்தீங்களா?" என்று கீழிருந்து நெலியாவின் குரல் வந்தது.

"திங்கக்கெழம ஆள அனுப்புறேன்" என்றேன்.

"எல்லா வீட்டுக்காரனும் இதத்தான் சொல்லுவான்" என்றாள் என் தங்கை.

அந்த அறையில் நின்றபடியே தொலைபேசியை எடுத்தேன். சனிக்கிழமைக்கு இரட்டைக் கூலி என்றான் பழுது பார்ப்பவன். உடனே வரச் சொன்னேன்.