கதிர் உச்சிக்கு ஏறியவை

எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அந்த வருஷம் எங்கள் வாழவந்தி நாட்டில் சாமை கதிர் பிடிக்கிற நேரத்தில் வெட்டுக்கிளி இறங்கியது. எனக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் சாமைக் காடு. வீட்டில் ஐந்து பேருக்கும் அடுத்த அறுப்பு வரைக்கும் அதுதான் சோறு.

விடாத மழைக்கு நடுவே, சில பூச்சிகள் மட்டும் தாளின் உச்சிக்கு ஏறி, தலையை மேலே நீட்டி, தாளைக் கட்டிப் பிடித்தபடி அசையாமல் இருந்தன. எங்கள் பக்கத்தில் கதிர்க் காட்டுக்குள் பூச்சியைக் கொல்ல மாட்டோம். கூட்டத்தின் தலைவனைக் கூடையில் எடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாட்டு எல்லையில் விட்டு வருவோம். மற்றவை பின்னாலேயே போய்விடும் என்று நம்பிக்கை. உச்சியில் உட்கார்ந்திருப்பது தலைவனாகத்தானே இருக்க வேண்டும்?

"செத்துக் கெடக்கறது எப்படீங்க தலைவனாகும்?" என்றாள் என் மனைவி பெருமாயி.

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? வாய மூடிக்கிட்டுப் பொறுக்கு" என்றேன். எனக்குப் புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

ஐந்து நாள் கூடை கூடையாகப் பொறுக்கிப் பக்கத்துத் திருப்புலி நாட்டு எல்லையில் கொட்டினோம். பின்னால் ஒரு பூச்சியும் போகவில்லை.

ஆறாம் நாள் மழை விட்டது. விவசாய யோசனை சொல்ல அடிவாரத்திலிருந்து ஏறி வந்த கிராமசேவக் அர்த்தனாரி, கூடையில் ஒட்டிக் கிடந்த ஒன்றைப் பிய்த்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைப் பூசணம்.

"அட பாவமே! இது நோயுங்க. பூசணம் உள்ள போயி, பூச்சிய உச்சிக்கு ஏத்திக் கொல்லுது. அங்கிருந்து தூளு உதுந்து கீழ இருக்கறதுக்கும் ஒட்டும். சும்மா உட்டிருந்தா பூராவும் செத்திருக்கும்."

"திரும்பக் கொண்டாந்து போட்டா?"

"ஈரம் இருந்தாத்தானுங்க பரவும்" என்று வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

இருந்தாலும் எல்லைக்கு ஓடினேன். நாங்கள் கொட்டிய இடத்தை ஒட்டியிருந்த திருப்புலிக்காரர் சின்னராசுவின் காட்டில் தாளுக்குத் தாள் பூச்சி செத்துத் தொங்கியது. கதிர் முழுசாக நின்றது. "சாமி காப்பாத்திருச்சுங்க" என்றார் அவர். எனக்கு வயிறு எரிந்தது. செத்ததைக் கூடை நிறைய அள்ளி வந்து என் காட்டில் தூவினேன். வெயில் கொளுத்தியது. பூச்சிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. பெருமாயி தினமும் விடிந்ததும் போய்த் தாள் தாளாகப் பார்த்து வந்தாள்.

தூவிய நாலாம் நாள் காலையில், "ஏனுங்க, இங்க வந்து பாருங்க!" என்று அவள் கூப்பிட்டாள். ஒரு பூச்சி மெல்ல மெல்லத் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். உச்சிக்குப் போனது. தலையைத் தூக்கியது. பெருமாயி கைகூப்பினாள்.

அது அங்கிருந்த கதிரைத் தின்னத் தொடங்கியது.