வெறுங்கால்

இரண்டு பேர் பிடித்து இழுத்தும் ராமரின் வலக்காலிலிருந்து பூட்ஸ் கழன்று வரவில்லை. முறிந்த கணுக்கால் உள்ளே வீங்கியிருந்தது. இழுத்த இழுப்பில் பிணம் பாயோடு நகர, பிளந்த பின்தலையிலிருந்து இரத்தம் மீண்டும் கசிந்து தரையில் பரவிற்று.

“விடச் சொல்லுங்க பெரியப்பா,” என்றாள் அவன் தங்கை விசாலாட்சி.

“வெறைக்கிறதுக்குள்ள பெருவிரலச் சேத்துக் கட்டணும்ல, ஆத்தா,” என்றார் திருமலைச்சாமி. வெள்ளைத் துணிக்கீற்று அவர் தோளில் கிடந்தது.

அன்று காலைதான் மன்னவனூர்ச் சரிவில் மெட்ராஸ்காரர்களின் படப்பிடிப்பு நடந்தது. எழுத்தறியாத அண்ணனுக்கு அவள் இருமுறை வாசித்துக் காட்டிய நாவலையே அவர்கள் படமாக்கினார்கள். நாவலின் நாயகன் யாரையும் அடிப்பதில்லை. வெறுங்காலோடு மலையிறங்கி, வத்தலக்குண்டில் பஸ் ஏறிப் போய்விடுவான். படத்திலோ அவன் உச்சியில் சண்டையிட்டு உருளவேண்டும். நடிகருக்குப் பதிலாக உருள்வதற்கு ராமரை அமர்த்தி, நடிகரின் பூட்ஸையே அவனுக்கும் கொடுத்தார்கள்.

“பொஸ்தகத்துல அவன் செருப்பே போடாதவனுங்களே,” என்று ராமர் இயக்குநரிடம் சொன்னதை அவள் அருகில் நின்று கேட்டாள். “வெறுங்கால்னாத்தான் எனக்கும் புடி கெடைக்கும்.”

“கதை எழுதினவரே சும்மா இருக்காரு. நீ பூட்ஸ மாட்டுய்யா,” என்றார் இயக்குநர்.

எல்லோரும் சிரித்தார்கள். ராமரும் சிரித்தான். குறித்த இடத்தை அடையுமுன்பே நனைந்த புல்லில் பூட்ஸின் தோலடி வழுக்கிற்று. அறுபதடிக்குக் கீழே பாறை.

இப்போது உதவி இயக்குநர் குமாரவேல் வாசலில் வந்து நின்றான்.

“தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. அந்த பூட்ஸ் ஒரே ஜோடிதான் இருக்கு. நாளைக்கு ஹீரோவுக்கு க்ளோஸப். மாத்திப் போட்டா காட்சி ஒட்டாது.”

“ஏலே!” திருமலைச்சாமி அறைந்த அறையில் குமாரவேலின் உதடு கிழிந்தது. காலை இழுத்துக்கொண்டிருந்த இருவரும் பாய்ந்து, அவன் சட்டையைப் பற்றிச் சுவரில் மோதினர்.

“கதையவே மாத்துவீங்க,” என்றாள் விசாலாட்சி. “பூட்ஸு மட்டும் மாறக்கூடாதாக்கும்?”

அவள் முட்டைக்கோசு அறுக்கும் கத்தியை எடுத்தாள். குமாரவேல் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவளோ அண்ணனின் காலடியில் அமர்ந்து, பூட்ஸின் கழுத்தில் கத்தியைச் செருகி நுனிவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். முன்னமே கழன்று கிடந்த இடக்காற் பூட்ஸையும் எடுத்துக் கிழித்து, இரண்டையும் வாசலுக்கு வீசினாள்.

திருமலைச்சாமி பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். அவள் முந்தானையை நனைத்துப் பாதங்களிலிருந்த இரத்தத்தைத் துடைத்தாள். குதிகால் வெடிப்புகளில் இறுகியிருந்த உருளைக்கிழங்குக் காட்டு மண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.