நானூற்றைம்பது சுற்று

1968 ஐப்பசியில், மேற்கு மாம்பலத்தில் அன்வர் பாஷாவின் வாடகை சைக்கிள் கடைக்கு அடுத்த வீட்டில், நல்லசிவம் உட்காரும் நாற்காலி அவர் மனைவியின் சமையலறையை விட்டு விலகத் தொடங்கியது. முதல் மாதம் ஒரு விரற்கடை. வெளியிலிருந்து பார்த்தால் வீட்டின் நீளம் பதினெட்டடி. கார்ப்பரேஷன் ஆள் இரண்டு முறை வந்து அளந்தும் அதே பதினெட்டடிதான். உள்ளே மட்டும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சிவப்பு சிமெண்ட் தரை நீண்டுகொண்டே போனது. 1970 பொங்கலுக்கு நாற்பதடி. பால் பொங்குவதைப் பார்க்க அவர் எழுந்து வருவதற்குள் பொங்கி அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஒருநாள் வந்து கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு, காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி சண்முகவடிவுக்கு இது புதிய விஷயம் இல்லை. விலகிப் போகிறவற்றை அளப்பதுதான் அவள் உத்தியோகம். அடையாறில் ஒரு அலுவலகத்தில், மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் படமெடுத்து ரயிலில் வரும் கண்ணாடித் தகடுகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, நட்சத்திர ஒளியில் விழுந்திருக்கும் கோடுகளின் இடத்தைத் திருகாணி திருகித் திருகிக் குறிக்க வேண்டும். கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் நட்சத்திரம் போகிறது. நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் வருகிறது. அவள் பிரிவுக்கு வந்தவை எல்லாம் பிரம்மாண்டமான, கண்ணைக் கூசவைக்கும் நட்சத்திரங்கள். அவ்வளவு வெளிச்சத்தையும் பகல் முழுக்க ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் வீட்டில் எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது. மகள் மீனாட்சியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு, பார்க்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. நல்லசிவம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்து, மடித்து, மீட்டர் கோலால் துணி அளந்து கிழித்துவிட்டு வருகிறவர். அவர் கூடத்துக் கதவு வழியாகப் போவார், அவள் சமையலறைப் பின்கதவு வழியாகப் போவாள். கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன், இடுப்பு வலிக்கிறது என்று அவர் ஒருநாள் சொன்னபோது, அவள் அரிசி களைந்தபடி சரி என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலி நகர ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான்.

தூரம் கூடக் கூட வேகமும் கூடியது. முதலில் இஞ்ச் டேப்பால் அளந்தாள், அப்புறம் முடிச்சுப் போட்ட கயிற்றால். 1972-இல் பாஷாவிடம் போய், ஓட்டத் தெரியாது, தள்ளிக்கொண்டு போக ஒரு சைக்கிள் வேண்டும் என்று கேட்டாள். "வூட்டுக்குள்ளதானேம்மா? எட்துக்கினு போ. உள்ள ஆணி கீணி இல்ல, பங்சர் ஆவாது" என்றார் அவர். சக்கரத்தில் ஒரு துணி கட்டி, சுற்றுகளை எண்ணிக்கொண்டு, ஹேண்டில்பாரில் காபித் தூக்குடன் தினமும் போய்வந்தாள். காபியை ஸ்டூலில் வைப்பாள், பழைய டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புவாள். நாளடைவில் போகக் கால் மணி, வரக் கால் மணி ஆனது. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தே உட்காரமாட்டாள். காபி ஆறித்தான் போகும். அவரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

1974-இல் சமையலறையிலிருந்து பார்த்தால் நல்லசிவம் ஒரு குங்குமப் பொட்டு அளவுக்குத் தெரிந்தார். நிறமும் அதேதான், வெள்ளை வேட்டி சிவந்துவிட்டிருந்தது. வெளிச்சமும் மாதாமாதம் மங்கியது. அலுவலகத்தில், கண்ணுக்கு எட்டாத அளவு மங்கிப்போன நட்சத்திரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது வழக்கம். அந்த வேகத்தில் போனால் அடுத்த ஆடிக்கு அவரை அடித்துவிட வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. அதைப் போட்டுப் பார்த்த அன்று அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். கட்டிய மனுஷன் தன்னை விட்டுப் போவதை ஆறு வருஷமாக அளந்தாளே தவிர, போகாதீர்கள் என்று ஒரு தடவை சொல்லவில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது.

அந்த வாரம் மேலதிகாரி கருணாகரன் அவள் கொடுத்த ஆறு தகடுகளைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தகட்டையும் ஒரு முறை நேராக வைத்தும், ஒரு முறை தலைமாற்றி வைத்தும் அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும் என்பது விதி. அசதியில் அவள் ஒரு பக்கம் மட்டும் அளந்து, மற்றதை ஒப்பேற்றியிருந்தாள். கருணாகரன் கத்துகிறவர் இல்லை.

"ஒரு பக்கமா அளந்தா அது நட்சத்திரத்தோட அளவு இல்லம்மா. உங்க கண்ணோட அளவு."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வீடு வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டவ்வை அணைக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டாள். நானூற்றைம்பது சுற்று. இந்த முறை காபியைக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, நாற்காலியின் பக்கத்திலிருந்து தன் சமையலறையைப் பார்த்தாள். நீலமாக எரியவிட்டு வந்த ஸ்டவ், அங்கிருந்து பார்க்க ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. நாற்காலியின் கீழே பார்த்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கால்கள் தரையில் கீறிய நான்கு தடங்களிலேயே நான்கு கால்களும் நின்றன. நாற்காலிக்குப் பின்னால், அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்திராத சுவரெல்லாம் சாக்கட்டி எழுத்து. துணியில் கோடு போடுகிற சாக்கட்டி. தேதி, மீட்டர், தேதி, மீட்டர் என்று ஆறு வருஷத்துக்கு இருந்தது. கடைசி வரி முந்தாநாள் எழுதியது: 1006.

"என்ன இது?" என்றாள்.

"அளந்தது. கடை லீவு அன்னைக்கு, நீ ஆபீஸ் போனப்புறம்."

"எதை?"

"நீ போறதத்தான். வேற எதை?"

"நீங்கள்லா போயிட்டு இருந்திய."

"நான் இந்த நாற்காலிய விட்டு எங்க போனேன், வடிவு?"

மீட்டர் கோலைத் தரையில் வைத்து, எடுத்து, வைத்து, சமையலறை வரை ஆயிரத்தாறு முறை அவர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். அதில் கூடிப்போன இடுப்பு வலிக்குத்தான் அவள் ஒருமுறை தைலம் வாங்கி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனது. நானூற்றைம்பது சுற்றை மீட்டராக்கினால் ஆயிரத்தாறு வரும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு பேர் இரண்டு கருவியால், ஒருவருக்கொருவர் தெரியாமல், இவ்வளவு சுத்தமாக அளந்ததை அவள் அலுவலகத்திலேயே பார்த்ததில்லை. அவளுக்குக் கால் வலித்தது. தரையில் உட்கார்ந்தாள், ஆறிய காபியில் பாதியை அவளே குடித்தாள்.

மறுநாளே ஸ்டவ்வையும் இரண்டு ஸ்டூலையும் பாஷாவின் ஆட்கள் இருநூற்றிருபத்தைந்தாவது சுற்றில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு சுருங்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் இன்னும் நீள்கிறது, அளப்பதைத்தான் இருவரும் விட்டுவிட்டார்கள். தினமும் சாயங்காலம் அவள் அந்தப் பக்கத்திலிருந்தும் அவர் இந்தப் பக்கத்திலிருந்தும் நடந்து வருகிறார்கள். அவர் மீட்டர் கோலை ஊன்றிக்கொண்டு வரும்போது, தூரத்திலேயே அவர் வேட்டி லேசாக நீலம் பாய்ந்து தெரிகிறது. அது எதற்கு அடையாளம் என்று சண்முகவடிவுக்குத் தெரியும். துணி துவைக்கும்போது நீலம் போடுவதை அவள் 1974-லேயே நிறுத்திவிட்டாள்.